மர்ட்டி ஹார்ட்டிகன் லண்டனில் தாண்டிய நாள்

அயர்லாந்தில் லிமரிக் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் மர்ட்டி ஹார்ட்டிகனைத் தெரியாதவர் கிடையாது. தினமும் காலையில் கழுதை வண்டியில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு வெண்ணெய் ஆலைக்குப் போவான். நெடுநெடுவென்ற ஆள். அதிகம் பேசமாட்டான். வயல் கதவைத் திறந்து அவன் உள்ளே போனதை ஒருவரும் பார்த்ததில்லை. நின்ற இடத்திலிருந்தே ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் நிற்பான்.

தம்பி மாலக்கியும் அப்படித்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் தம்பி இருவரும் இரண்டு கம்புகளை நட்டு, குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து, இருட்டும்வரை தாண்டுவார்கள். மணல், மெத்தை எதுவும் கிடையாது. விழுவது வெறும் புல்தரையில்தான், அதனால் காலூன்றி இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா சுவரில் சாய்ந்து புகை பிடித்தபடி, "மாடுகூட உங்களைவிட ஒசரமா தாண்டும்டா" என்பார். ஆனால் வேறு யாராவது வந்து அதையே சொன்னால் சண்டைக்குப் போய்விடுவார்.

அவர்களுக்கிருந்த நிலம் ஒரு குடும்பத்துக்குத்தான் சோறு போடும். மூத்தவன் மர்ட்டி தங்கினான், மாலக்கி நியூயார்க்குக்குக் கப்பலேறினான். அங்கே டிராம் பணிமனையில் வேலை, மாலையில் விளையாட்டுக் கழகம். ஆறு வருஷம் கழித்து, லண்டனில் பல நாடுகள் கூடும் போட்டிக்கு அமெரிக்க அணியில் மாலக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் அணியில் மர்ட்டிக்கும் இடம் கிடைத்தது. அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ராஜாவின் ஆட்சியில் இருந்ததால் அதற்கென்று தனி அணி கிடையாது. அந்த பிரிட்டிஷ் சட்டையைப் போட அவனுக்கு மனசில்லை. தம்பியைப் பார்க்க வேறு வழியும் இல்லை.

போட்டிக்குப் பதினோரு நாள் முன்பு, வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். மர்ட்டி ஓடிப் போய்த் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த சாயங்காலம் அம்மா சொன்னாள்: "அவன் இந்நேரம் கப்பல்ல இருப்பான், கடுதாசி போட்டுப் பிரயோஜனமில்ல. நீ போ. பாத்த ஒடனே சொல்லிடு. மத்தவங்க சொல்லி அவன் கேக்கக்கூடாது."

"சரிம்மா."

மைதானத்தில் மர்ட்டி தம்பியைத் தேடுவதற்குள் பின்னாலிருந்து இரண்டு கைகள் அவனை அப்படியே தூக்கின.

"அண்ணே! என்ன கோலம் இது, ராஜா வீட்டுச் சட்டையைப் போட்டுக்கிட்டு? அப்பா பாத்தா சாணியை வாரி அடிப்பாரு!"

மர்ட்டி வாயைத் திறந்தான். ஆறு வருஷத்தில் தம்பி தோள் அகன்று பெரிய ஆளாகியிருந்தான். சிரிப்பு மட்டும் மாறவே இல்லை.

"அப்பா எப்படியிருக்காரு?"

"வைக்கோல் வேலை நடக்குது" என்றான் மர்ட்டி.

"அந்த இருமல்?"

"இப்ப இல்ல."

"பாத்தியா, நான் சொன்னேன்ல! அவரு நம்ம ரெண்டு பேரையும் பொதச்சிட்டுத்தான் போவாரு." மாலக்கி அவன் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு அணியோடு சேர்ந்துகொள்ள ஓடினான்.

தாண்டி முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மர்ட்டி நினைத்தான். நினைத்தபிறகு அதுதான் சரி என்றும் பட்டது.

மழை தூறி புல் வழுக்கியது. சட்டம் ஐந்தடி பத்தங்குலத்துக்கு ஏறியபோது மர்ட்டி மூன்று முறையும் அதைத் தட்டிவிட்டான். ஊரில் பூட்ஸோடு தாண்டுகிற உயரம் அது. மாலக்கி ஓடி வந்து, "என்னண்ணே, வெண்ணெய் தின்னு தின்னு ஒடம்பு ஏறிடுச்சா?" என்று கேலி செய்தான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மர்ட்டியும் சிரித்து வைத்தான்.

சட்டம் ஆறடி இரண்டங்குலத்தில் நின்றது. மாலக்கிக்குக் கடைசி வாய்ப்பு. ஓடத் தொடங்குமுன் அண்ணனைப் பார்த்துக் கத்தினான்: "இது அப்பாவுக்கு! போனதும் அவர்கிட்ட சொல்லு!"

தாண்டிவிட்டான். அடுத்த உயரம் முடியவில்லை. இரண்டாமிடம்.

உடை மாற்றும் கூடாரத்துக்குப் பின்னால் மர்ட்டி அவனிடம் சொன்னான். மாலக்கிக்கு முதலில் புரியவில்லை.

"எப்ப?"

"அடக்கம் பண்ணிப் பத்து நாளாச்சு."

"காலைல கேட்டேனே. இருமல் இல்லேன்னு சொன்னியே."

"நீ நல்லா தாண்டணும்னுதான்..."

"மர்ட்டி" என்றான் மாலக்கி. அண்ணனைப் பெயர் சொல்லி அவன் அழைத்ததே இல்லை. "ரெண்டு மணி நேரமா அவரை வெச்சு நான் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன். பல்லைக் காட்டிச் சிரிச்சேன். நீ எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நின்னே. அத்தனை பேருக்கு முன்னாடி என்னைக் கோமாளியாக்கிட்டே."

"வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போடா. அம்மா உன்னைப் பாக்கணும்னு..."

"சனிக்கிழமை எங்க கப்பல்."

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அமெரிக்கர்கள் தங்கியிருந்த விடுதி வாசலில் மர்ட்டி நின்றான். ஆள் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். மாடி ஜன்னல் ஒன்றில் தம்பியின் தலை தெரிந்தது. மர்ட்டி கூப்பிடவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "சொன்னியா?"

"சொன்னேம்மா."

"பாத்த ஒடனேயா?"

மர்ட்டி குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்த்து முடித்தபிறகும் நிமிரவில்லை. அம்மா உருளைக்கிழங்கையும் மோரையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

மாலக்கியின் கடிதங்கள் அம்மா பெயருக்குத் தவறாமல் வந்தன. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, மர்ட்டிதான் சத்தமாகப் படித்துக் காட்டுவான். பக்கத்து வீட்டுக்காரர், பாதிரியார், பசு எல்லோரையும் விசாரித்திருப்பான் மாலக்கி, அண்ணனை மட்டும் கேட்டிருக்க மாட்டான். ஒரு கடிதத்தில் மட்டும் "மர்ட்டி அண்ணனுக்கும் அன்பு" என்று சேர்த்துப் படித்தான் மர்ட்டி. அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியா எழுதியிருக்கான்? நல்லது" என்றாள்.

அம்மா இறந்தபிறகு கடிதம் வருவது நின்றது. மர்ட்டி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பந்தயத்துக்கும் போகவில்லை. வெண்ணெய் ஆலையிலிருந்து திரும்பும் வழியில் தபாலாபீஸ் முன்பு வண்டியை நிறுத்துவான். உள்ளிருக்கும் பெண் இல்லையென்று தலையாட்டுவாள். அவன் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கழுதையை ஓட்டுவான்.