கதையில் வரும் 'நான்'

என் கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும். பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டவுண் நூலகத்து வாசகர் கூட்டத்தில் என் கதையைப் பற்றி ஒரு வாத்தியார் பேசினார். "ஆசிரியர் மனைவியை விட்டுவிட்டுத் திருச்செந்தூரில் வேறொருத்தியோடு வாழ்கிறார்" என்றார். கதைசொல்லி என்றோ, கதையில் வருகிறவன் என்றோ சொல்லித் தொலைத்திருக்கலாம். முன்வரிசையில் என் மனைவி இருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

வாத்தியார் வீட்டுக்கே போனேன். "சார், அது கதைசொல்லின்னு எங்க வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான வே. 'நான்'னு எழுதுனது நீருதான?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், "படிச்சவரு பொய்யா சொல்லுவாரு?" என்று மனைவி சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கு வாதாட வராது. இந்தத் தாளை அடுப்படியில் வைக்கப்போகிறேன். திருச்செந்தூருக்கு நான் என் மனைவியோடு மட்டுமே போயிருக்கிறேன். இதில் வரும் 'நான்' நானேதான்.

ஐப்பசி ஏழாம் தேதி.