திகதியின் மேல் வைத்த பொட்டு

வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் வான் வண்டியில் தோசை சுட்டு விற்கிறேன். அனுமதிப்பத்திரம் என் பெயரில் கிடைத்த அன்றே அதற்குப் பிரேம் போட்டு, வானுக்குள் மாட்டி, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அதே இடத்தில் புதுப்பொட்டு.

போன மாதம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பத்திரத்தை உற்றுப் பார்த்தவர், "அக்கே, தினய கோ?" என்றார். திகதி எங்கே என்று கேட்கிறார். ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். அடியில் இருந்தது காலாவதித் திகதி. அது அன்றைய திகதியேதான்!

பரிசோதகர் தண்ணீர்த் தொட்டி, பாத்திரம், மாவு வாளி எல்லாம் திறந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்று எழுதித் தந்தார்.

"நீர் பத்திரத்தைப் புதுப்பிக்க ஓடும், நான் வானைப் பாத்துக்கொள்ளுறன்," என்றார் கூட நின்ற என் கணவர்.

அலுவலகம் மூடுவதற்குள் கட்டணத்தைக் கட்டிப் புதுப்பித்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "ஓனர் ஆர், உங்கட மிஸ்டரோ?" என்று கேட்டார்.

"இல்ல, நான்தான்!" என்றேன், வரிசைக்கே கேட்கும்படி.

இப்போதும் வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறேன், பிரேமின் மேல்மரத்தில் மட்டும். திகதியை எல்லாரும் வாசிக்கட்டும். என் பெயரையும்தான்.