தாய்மாமன் இலை

சிம்மக்கல் ஆட்டோ ஸ்டாண்டில் விருமாண்டி அடுத்தவர் கைச் சோறு தின்பதைப் பார்த்தவர் யாருமில்லை. மதியமானால் வண்டியை ஓரங்கட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியோடு பின்சீட்டில் முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். ரெண்டு வருஷமாக அவருக்கு வயிறு சரியில்லை. நாலு வாய் தின்றால் கல்லாக இறுகும். நெஞ்சு கரிக்கும். புளித்த ஏப்பம் தொண்டையில் வந்து நிற்கும்.

டாக்டர் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார். "புண்ணு, கட்டி ஒண்ணுமில்ல. நேரத்துக்குச் சாப்பிடுங்க, டீயைக் குறைங்க, மாத்திரைய விடாமப் போடுங்க" என்றார். அந்த 'ஒண்ணுமில்ல'தான் விருமாண்டியைக் கலக்கியது. இம்புட்டு வலிக்குக் காரணம் இல்லாமல் போகுமா? மெஷினுக்கே தெரியவில்லை என்றால் அது இடுமருந்துதான், யாரோ சாப்பாட்டில் கலந்து கொடுத்ததுதான் என்று முடிவு கட்டினார்.

கல்லுப்பட்டி தாண்டி ஒரு ஊரில் மருந்து எடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். அவர் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, தட்டில் கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பினாள். "இனிப்புல வச்சிருக்காக. ரத்தச் சொந்தம்" என்றாள். விருமாண்டிக்குக் கூடப்பிறந்தது ஒரே தங்கச்சி, கொட்டாம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட முத்துமீனா. அவள் புதுவீட்டுப் பால்காய்ப்பில் தின்ற கேசரி ஞாபகம் வந்தது. சொந்தக்காரர்கள் ரெண்டு மூணு பேரிடம் சொல்லியும்விட்டார். கொஞ்ச நாள் வயிறு லேசாக இருந்தது. மறுபடி கரித்தபோது, மறுபடி யாரோ வைத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அதன்பிறகு விசேஷ வீடுகள் போயின, டிபன் கடை போயிற்று. ஸ்டாண்டில் ஆரிப் பெருநாள் பிரியாணியை நீட்டினால், "வயித்துக்கு ஆகாதுப்பா" என்பார்.

"பிரியாணி ஆகாது, நாள் பூரா டீ மட்டும் ஆகுமாண்ணே?" என்று ஆரிப் சிரிப்பான்.

கடைசியில், மனைவி பாண்டியம்மாள் வைத்த குழம்பையே காட்டி, "நீ ஒரு வாய் தின்னு" என்றார். அவள் தின்று காட்டினாள். அதிலிருந்து அவர் எதிரே அவள் சாப்பிட உட்காருவதில்லை.

இந்த நிலையில்தான் முத்துமீனா மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்காரவேண்டும். பந்தியில் முதல் இலையும் அவருக்குத்தான். அதில் கை நனைக்காமல் எழுந்தால், அண்ணன் தங்கச்சி உறவு அறுந்தது என்று ஊரே எழுந்து போய்விடும்.

"மடியில வச்சுக் குத்திட்டு வந்துருவோம். சாப்பாடு வேணாம்."

"அதுக்கு நீங்க போகாமயே இருக்கலாம்" என்றாள் பாண்டியம்மாள்.

குலசாமி கோயிலில் பிள்ளை அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதது. பிறகு பந்தி. இலையில் சோறும் கறிக்குழம்பும் விழுந்தன. விருமாண்டி ஒரு வாய்கூட வைக்கவில்லை. அதற்குள் வயிறு கல்லாகிவிட்டது.

முத்துமீனா குழம்பு வாளியோடு எதிரே நின்றாள். "என்னண்ணே, யோசனை?"

"காலைல தின்னது இன்னும் செமிக்கல, தாயி."

"கேசரியில நான் வச்சேன்னு சொன்னியாமே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவர் பதில் சொல்வதற்குள் குனிந்து, அவர் இலையிலிருந்தே ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். இன்னொரு கை. விருமாண்டி தலை நிமிராமல் பிசைந்து தின்றார். ருசியாக இருந்தது. மறுசோறும் கேட்டு வாங்கினார்.

மறுநாள் விடியும்போதே நெஞ்சு கரித்தது. தங்கச்சிக்குப் போன் போட்டார். "உனக்கு வயிறு எப்படி இருக்கு?"

"எனக்கும் கரிக்குதுண்ணே. கறிய அம்புட்டுத் தின்னா வேற என்ன செய்யும்? எனக்கு யாருண்ணே வச்சா?" சிரிப்பாகத்தான் தொடங்கினாள். முடிவில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வைத்தவன் என்று அவள் புருஷன் பெயர் அவர் வாய்வரை வந்துவிட்டது. "சுடுதண்ணி குடி, தாயி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

அடுப்படியில் பாண்டியம்மாள் தூக்குவாளியில் சோறு போட்டாள். மூடுவதற்கு முன், யாரும் கேட்காமலே ஒரு வாய் எடுத்துத் தின்றாள். இனி வேண்டாம் என்று சொல்லத்தான் விருமாண்டி நினைத்தார். ஆனாலும் அவள் விழுங்குகிறவரைக்கும் அவர் கண் அவள் தொண்டையை விட்டு நகரவில்லை.