முக்கால் அங்குல எழுத்து

டிசம்பர் கடைசி வாரம் சீடர் ஃபோர்க் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. நெல்டா ஹூப்னர் தன் சாப்பாட்டுக்கடை வாசலில் பெட்டி வைத்திருக்கிறாளாம். துப்பாக்கியைக் கழற்றிப் போட்டு டோக்கன் வாங்கினால்தான் உள்ளே முட்டை கிடைக்குமாம். போய்ப் பார்த்தால் பெட்டியும் இல்லை, டோக்கனும் இல்லை. நெல்டாதான் தரையில் மண்டியிட்டு ஒரு பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி ஒன்று முதல் டெக்சாஸில் உரிமம் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை இதுவரை போல் மறைக்காமல் இடுப்புறையில், ஊர் பார்க்க மாட்டிக்கொண்டு திரியலாம். அந்த மசோதா தலைநகர் ஆஸ்டினில் கிடந்த மாதங்கள் முழுக்க நெல்டா அதை ஒரு வரி விடாமல் தொடர்ந்தவள். தினமும் காலையில் ஒரே மேசையில் கூடும் காலை மேசைக்காரர்கள் மாட்டு விலை பேசி முடித்ததும் மசோதா நிலவரத்தை அவளிடம்தான் கேட்பார்கள். நிறைவேறாது என்று பந்தயம் கட்டினாள். எதிர்த்துக் கட்டியவர் டெல்பர்ட் மூர்ஹெட். மாட்டுப் பண்ணைக்காரர், முப்பது வருஷமாக அதே நாற்காலி. தோற்றவர் பெக்கன் பருப்பு போட்ட ஒரு முழு கேக்கை மேசையில் வைக்க வேண்டும். நெல்டா தோற்றாள்.

"ஒண்ணாந்தேதி காலைல முதல் ஆளா இடுப்புல மாட்டிட்டு வரேன். கேக் ரெடியா இருக்கட்டும்" என்றார் டெல்பர்ட்.

அது சமையல்காரர் எலீசியோ காதில் விழுந்தது. முன்பு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தபோது கொள்ளைக்காரன் ஒருவன் அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்திருக்கிறான்.

"சட்டைக்குள்ள இருந்தா எனக்குத் தெரியாது நெல்டாம்மா. கண்ணுல பட்டா கை நடுங்கும். நடுங்குற கையோட அடுப்புல நிக்க முடியாது. நான் லரேடோவுக்கு, அக்கா வீட்டுக்கே போயிடுறேன்."

எலீசியோ இல்லாமல் கடை திறக்காது. காலை மேசை இல்லாமல் கடை ஓடாது. ஆனால் சட்டம் கடைக்காரருக்கும் ஒரு வழி விட்டிருந்தது: இங்கே வெளியே தெரியக் கொண்டுவரக் கூடாது என்று பலகை வைக்கலாம். வாசகம் சட்டத்தில் உள்ளபடியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அந்த அளவில் எழுதி மாட்டினால் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த கேக் பட்டியல் மறைந்துபோகும். மசோதாவைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கக்கூடியவள், எழுத்தில் கால் அங்குலத்தைத் திருடினாள். யார் அளக்கப் போகிறார்கள்?

டெல்பர்ட் அளந்தார். புத்தாண்டு அதிர்ஷ்டத்துக்குச் சமைக்கும் காராமணி அடுப்பில் கொதிக்க, காலை ஆறு மணிக்கு நான்கு கூட்டாளிகள் பின்தொடர வந்தவர், பலகை முன்னால் நின்று சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். இடுப்பில் பூவேலை செய்த தோலுறை. உறைக்கு மேலே கைப்பிடி.

"முக்கால் அங்குலம். சட்டம் என்ன சொல்லுது நெல்டா?"

"ஒரு அங்குலம்." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"அப்ப இது பலகையே இல்ல. கிறிஸ்துமஸ் தோரணம்." உள்ளே வந்து தன் நாற்காலியில் அமர்ந்தார். "முட்டை ரெண்டு. கேக் எங்க?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. எலீசியோ ஏப்ரனை அவிழ்க்க முதுகுக்குப் பின்னால் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

சட்டத்தின் அடுத்த வரியும் நெல்டாவுக்குத் தெரியும். பலகை இல்லாவிட்டாலும் கடைக்காரர் வாயால் சொன்னால் போதும். அதை இதே மேசைக்கு அவளே படித்துக் காட்டியிருக்கிறாள். டெல்பர்ட் சிரித்தார் அன்றைக்கு: "நீ எங்க முகத்தைப் பாத்து சொல்லிடுவியாக்கும்!"

"டெல்பர்ட், அதை வண்டில வச்சிட்டு வா. வாயால சொல்றேன். இதுக்கு அங்குலக் கணக்கு கிடையாது."

எடுத்த கோப்பைகள் பாதியில் நின்றன.

"என்னையா சொல்ற? உன் புருஷன் செத்த வருஷம் உன் கூரையில ஏறி ஓடு மாத்துனவன் நான்."

"மறக்கல. அன்னைக்குச் சுத்தியல்தானே கொண்டுவந்த?"

யாரோ சிரிக்கப் போய் விழுங்கிக்கொண்டார். டெல்பர்ட்டின் வலது கை மெல்ல இடுப்புக்கு இறங்கியது. எலீசியோ கண்ணை மூடிக்கொண்டார். எழுந்திருக்கும்போது பெல்ட்டைத் தூக்கிவிடுவது டெல்பர்ட்டின் பழக்கம். தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனார். வண்டிக் கதவு சாத்தும் சத்தம். எல்லோரும் காத்திருந்தார்கள். கேட்டது அவர் காலடி அல்ல, எஞ்சின்.

கூட்டாளிகளில் இரண்டு பேர் பின்னாலேயே போனார்கள். மற்ற இரண்டு பேர் முட்டை கேட்டார்கள். எலீசியோ ஏப்ரனை இறுக்கிக் கட்டினார். முதல் முட்டையின் மஞ்சள் கரு உடைந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது கதவில் முழு அங்குலப் பலகை. கேக் பட்டியல் சுவருக்குப் போய்விட்டது. டெல்பர்ட் நெடுஞ்சாலைக் கடையில் காபி குடிக்கிறார், அது சேறு மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு. நெல்டா சனிக்கிழமைதோறும் ஒரு பெக்கன் கேக் சுடுகிறாள். திங்கள் மதியம்வரை அதில் கத்தி படாது. டெல்பர்ட் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடேன் என்றால், பந்தயக் கேக்கை மேசையில்தான் வைக்க வேண்டும் என்கிறாள்.