சிரிக்காதீங்க அக்காவின் இருமல்

சந்தைத் தெருவில் அவளுக்குப் பெயரே அதுதான்: சிரிக்காதீங்க அக்கா. அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்கிற ஸ்டூடியோவில் வேலை. முதலாளி முன்னறையில் உட்கார்ந்து போன் பேசுவார். உள்ளே, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஆளைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, தோளைத் தட்டி நிமிர்த்தி, தாடையைத் தொட்டுத் திருப்பிப் படம் எடுப்பது இவள். "நேரா பாருங்க. தாடையை இறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காதீங்க, சிரிச்சா செல்லாது." காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டு. கல்யாணம் நிச்சயமான பெண் வரட்டும், புதுப் பல் கட்டிக்கொண்ட பெரியவர் வரட்டும், அவள் முன்னால் எல்லாரும் ஒன்றுதான். சிரித்த முகத்தை அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அது மறுபடி இவள் தலையில்தான் வந்து விடியும்.

நாள் முழுக்க அடுத்தவர் சிரிப்பை அடக்கி அடக்கி, அவள் முகமும் அப்படியே ஆகிப்போயிருந்தது. பள்ளி வேன் ஓட்டுகிற வீட்டுக்காரர்கூட எப்போதாவது சொல்வார்: "வீட்டுக்குள்ள வந்ததும் அந்த மூஞ்சியக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வாம்மா."

ஆனால் புதன்கிழமை மதியம் அவள் ஆளே வேறு. புதன்கிழமை ஸ்டூடியோ பாதி நாள்தான். கதவைச் சாத்தியதும் பைக்குள்ளிருந்து ஒரு பழைய டிஜிட்டல் காமிரா வெளியே வரும். முதலாளி இனி உதவாது என்று ஒதுக்கியதை அவள் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அதைக் கழுத்தில் மாட்டி வயிற்றோடு தொங்கவிட்டு, மேலே சால்வை போர்த்தி, லென்ஸ் எட்டிப் பார்க்க மட்டும் இடுக்கு விட்டுக்கொண்டு தெருவுக்குள் இறங்குவாள். கொளுத்துகிற வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு போகிறவள் யார் கண்ணிலும் படமாட்டாள் என்று எந்தப் புத்திசாலி அவளுக்குச் சொன்னானோ தெரியவில்லை.

காமிராவைக் கண்ணில் வைக்க மாட்டாள். கண்ணில் வைத்தால் ஜனங்கள் விறைத்துப்போவார்கள். அது அவள் தினம் தினம் பார்க்கிற கூத்து. வயிற்றைத் திருப்பினால் படமும் திரும்பும், அவ்வளவுதான் வித்தை. பாதிப் படத்தில் தலை இருக்காது, மீதிப் படத்தில் வானம்தான் இருக்கும். ஆனாலும் நடுவில் ஒன்று வந்து விழும் பாருங்கள், அதற்காக ஒரு வாரம் வேலை செய்யலாம்.

ஒரே தொல்லை, காமிராவின் சத்தம். அமுக்கினால் எலிப்பொறி விழுந்த மாதிரி 'சடக்' என்று கேட்கும். அதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அமுக்குகிற அதே நொடியில் இருமினாள். முகத்தை வானத்துக்குத் தூக்கி, எங்கேயோ பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு, பெரிதாக ஒரு இருமல். சடக்கு இருமலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஆறு வருஷமாக இப்படி. பழக்காரம்மா கன்னத்தில் கை வைத்து யோசிக்கையில் ஒரு இருமல். சாவிக்காரர் புதிதாக வெட்டிய சாவியை வாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடும்போது ஒரு இருமல். மருந்துக் கடைக்காரர் கல்லாவில் சாய்ந்து வெளியே வெறிக்கையில் ஒரு இருமல். பாவம், அந்த மனுஷர் இவளுக்கு நெஞ்சுச் சளி என்று எண்ணி வாராவாரம் கூப்பிட்டு ஒரு மூடி டானிக் ஊற்றிக் கொடுப்பார். அவளும் திருட்டு வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று மடக்கென்று குடித்து வைப்பாள்.

இதெல்லாம் அவளுடைய தனிச் சந்தோஷமாகவே இருந்திருக்கும். நூலகத்து அம்மா வந்து அதைக் கெடுத்தாள், அல்லது திறந்துவிட்டாள்.

நூலகத்தின் மாடிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மா படம் எடுத்துக்கொள்ள வந்தவள், மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த பழக்காரம்மா படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு எடுத்தது?"

"நான்தான். சும்மா... தாடையை இறக்குங்க."

தாடையை இறக்காமலே அவள் பேசினாள். ஊர் ஜனங்களை அவர்களுக்கே தெரியாமல் எடுத்த படங்களாகப் பார்த்துக் கூடத்தில் மாட்டப்போகிறார்களாம். "ஒரே நிபந்தனைதான். எடுக்கும்போது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. எடுத்தப்புறம் சம்மதம் கேட்டுக்கணும். நல்லதா நாலஞ்சு பொறுக்கி வெள்ளிக்கிழமை கொண்டாங்க, ஒண்ணாவது மாட்டிருவோம்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். அந்தப் பழைய காமிராவைத் தவிர வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்டு ஆசைப்பட்டது எதுவுமில்லை. இதை ஆசைப்பட்டாள். தான் எடுத்த படம் ஒரு சுவரில் தொங்க வேண்டும். நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். காது தெரிகிறதா என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்தது.

புதன்கிழமை காலை தொண்டை கட்டிப்போயிற்று. ஸ்டூடியோவை மூடிவிட்டு, காமிராவை வீட்டிலேயே விட்டதால் வெறும் கையோடு, நிஜ மருந்து வாங்கத் தெருவுக்குள் நுழைந்தாள். பழக்கடையைத் தாண்டும்போது இருமல் வந்தது. பழக்காரம்மா யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, குவியலில் இருந்ததிலேயே அழகான ஆரஞ்சை எடுத்து, கன்னத்தில் கை வைத்து, யோசிக்க ஆரம்பித்தாள்.

இவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. நாலடி நடந்தாள். மறுபடி இருமல். செருப்புக் கடை வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு தொலைதூரத்தைப் பார்த்தார். இன்னொரு இருமல். தேநீர் ஆற்றுகிறவர் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார், கீழே பாத்திரம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல். சாவிக்காரர் செய்துகொண்டிருந்த பூட்டைத் தள்ளிவிட்டு, கூரைக் கம்பியில் தனியாக மாட்டியிருந்த ஒரு சாவியை எடுத்து ஊத ஆரம்பித்தார்.

அவள் நடுத்தெருவில் நின்றாள். சந்தேகம் தீர வேண்டுமே. வேண்டுமென்றே ஒருமுறை, பழைய பொய் இருமலை இருமிப் பார்த்தாள். தெரு மொத்தமும் ஒரு சொடுக்கில் அழகாயிற்று. மருந்துக் கடைக்காரர் இடது கன்னத்தைத் தெருவுக்குக் காட்டி வெறித்தார்.

மருந்து வாங்கவில்லை. விறுவிறு என்று வீட்டுக்கு வந்து, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் படங்களைத் தரையெல்லாம் பரப்பினாள். ஐயோ, இத்தனை நாள் கண் எங்கே போயிருந்தது? ஆறு வருஷமாக மருந்துக் கடைக்காரருக்கு இடது கன்னம் மட்டும்தான். ஆறு வருஷமாகப் பழக்காரம்மா ஒரே யோசனையில் இருக்கிறாள். சாவிக்காரர் ஊதுவது ஒரே சாவி. அதன் வளையத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. வெட்டச் சொன்ன ஆள் வாங்கிப் போகாமல் யார் வீட்டுப் பூட்டு இத்தனை வருஷம் காத்திருக்கும்?

வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, எல்லாம் நடிப்புங்க. ஒரு படம்கூட நிஜமில்ல."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "அது... பழக்காரம்மா போன வருஷமே சொன்னாங்க."

"உங்களுக்கும் தெரியுமா?"

"சொன்னா நீ நிறுத்திருவியேன்னு பார்த்தேன்."

அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முன்னால் நின்றது. வெள்ளிக்கிழமை எதை எடுத்துக்கொண்டு போவாள்? நூலகத்து அம்மாவின் மேசையில் இந்தப் பொய்களை வைத்து, இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கூசாமல் சொல்வாளா? மாட்டாள். அப்படியானால் சுவர் போயிற்று. சுவர் போனால் போகட்டும், ஆறு வருஷமாகத் தெருவே கூடித் தன்னை முட்டாளாக்கியதே, அதைக் கேட்காமல் விடுவதா? சால்வையைப் போர்த்தாமல் காமிராவை மட்டும் மாட்டிக்கொண்டு திரும்பவும் கிளம்பினாள்.

தெருமுனைக்கு வரும்போது கோபத்தின் ஓரத்தில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் வாட்டி எடுக்கலாமே.

பழக்கடை, சாவிக்கடை, மருந்துக் கடை மூன்றும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் போய் நின்று, முகத்தை வானத்துக்குத் தூக்கி, நல்ல சத்தமாக ஒரு இருமல். எல்லாரும் டக்கென்று அவரவர் நிலைக்குப் போனார்கள். ஆரஞ்சு வந்தது, கன்னம் வந்தது, சாவி வந்தது. அவள் விரல் பொத்தானில்தான் இருந்தது. ஆனால் அமுக்கவில்லை.

அவர்கள் காத்திருந்தார்கள். சடக்கு வரவில்லை. சாவிக்காரர் ஊதிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷர் ஊதுவார், முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. தேநீர்க்காரரின் தூக்கிய கை நடுங்கியது. செருப்புக் கடைக்காரர் இழுத்துப் பிடித்த வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வெளியே வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் என்ன ஏது என்று புரியாமல் அவரும் சேர்ந்து தொலைதூரத்தைப் பார்த்தார்.

கடைசியில் பழக்காரம்மாதான் தாங்கவில்லை. உதட்டை அசைக்காமல் பல்லுக்கு நடுவிலிருந்து கேட்டாள்: "அக்கா, எடுத்தாச்சா இல்லையா? கழுத்து வலிக்குது."

பழக்காரம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு இவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள். முதலில் வெடித்தது மருந்துக் கடைக்காரர். அவர் சிரித்ததைப் பார்த்துச் சாவிக்காரர் சாவியைக் கீழே போட்டார்; தேநீர்க்காரர் கையில் இருந்தது அவர் தோளிலேயே கொட்டியது; ஆரஞ்சு உருண்டு ஓடியது; அதைப் பிடிக்கப் பழக்காரம்மா குனிந்து, சிரிப்பில் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சடக்.

இருமல் இல்லாமல். அந்தச் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

பிறகுதான் அவள் கேட்டாள், குரலைக் கடுமையாக வைத்துக்கொண்டு. "ஏன் இப்படிப் பண்ணீங்க? தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் இருந்தோம்," என்றார் மருந்துக் கடைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் கொடுத்த டானிக் கூட வெறும் சர்க்கரைத் தண்ணிதான்."

"அதுவுமா?"

"நல்லா இருக்குற நெஞ்சுக்கு வேற என்ன கொடுக்கறது?"

பழக்காரம்மா தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "வாரம் பூரா நீங்க கல்லு மாதிரி போறீங்க, கல்லு மாதிரி வர்றீங்க. புதன்கிழமை அந்தப் பொய் இருமல் இருமும்போது மட்டும் உங்க மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? அதைப் பார்க்கத்தான் நாங்க நின்னோம். நிறுத்திட்டா எங்களுக்கு என்ன இருக்கு?"

தன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஊரில் பாதிப் பேரைப் படம் எடுத்தவள், அட்டைக்காக எடுத்துக்கொண்டதைத் தவிரத் தன்னை எடுத்துக்கொண்டதே இல்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தாள். இருந்த இடம் காலியாக இருந்தது. அதனால் நூலகத்துக் கூடத்தைப் பற்றி, நிபந்தனையைப் பற்றி, ஆசையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இப்போது எடுத்த படத்தைக் காமிராவின் சின்னத் திரையில் காட்டியபோது ஆளுக்கு ஆள் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள். செருப்புக் கடைக்காரருக்கு மட்டும் வயிற்றைப் பற்றி ஒரு வருத்தம். மற்றபடி எல்லாரும் சம்மதம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மாடிக் கூடத்துக்கு அவள் அந்த ஒரு படத்தோடுதான் போனாள். நூலகத்து அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"எப்படி எடுத்தீங்க இதை?"

"இருமாம எடுத்தேன்," என்றாள் இவள். நூலகத்து அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனாலும் நடுச் சுவரைக் காட்டி, "இங்கதான்," என்றாள்.

நடுச் சுவர். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றலாமா என்று இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் நூலகத்து அம்மா. "உங்க தெருவுலேருந்து இன்னொருத்தரும் ஒரு படம் கொண்டுவந்திருக்காரு. நல்லா இருக்கு, பக்கத்துலயே மாட்டலாம். ஆனா படத்துல இருக்கிறவங்க சம்மதிக்கணும்."

மாடிப்படியோரம் சாவிக்காரர் நின்றுகொண்டிருந்தார். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. கையில் இருந்த அட்டையை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். போனில் எடுத்தது. கடையில் தொங்கும் சாவிகள் முன்னால் மங்கலாக, அவற்றின் இடுக்கு வழியே தெரு, தெருவில் ஒரு பெண். வெயிலில் சால்வை போர்த்தியிருக்கிறாள். தலையை வானத்துக்குத் தூக்கி, இரும வாயைத் திறந்து, உள்ளேயிருந்து வருகிற சிரிப்பை அடக்க முடியாமல் முகமெல்லாம் சிரிப்பு. யார் பார்க்கிறார்கள் என்று ஒரு கவலையும் இல்லாத முகம். இது யார் என்று அவளுக்கு ஒரு நொடி தெரியவில்லை.

"போன வருஷம் எடுத்தேன்க்கா," என்றார் சாவிக்காரர். "காட்டப் பயமா இருந்துச்சு. சிரிச்சிருக்கீங்க இல்ல... செல்லாதுன்னு சொல்லிருவீங்களோன்னு."

அவள் அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், ஸ்டூடியோவில் பார்க்கிற மாதிரி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், சளி இன்னும் விடவில்லை என்று அவள் சொல்லிக்கொள்ளலாம்.

"ஒரு காதுதான் தெரியுது," என்றாள். "பரவாயில்ல, மாட்டுங்க."