அக்காவின் மூச்சும் நான் சுமத்திய பழியும்

அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குக் கூடும் உறவினர்களே, நண்பர்களே, இதை எழுத நான்கு முறை உட்கார்ந்து நான்கு முறையும் எழுந்துவிட்டேன். நினைவு மலருக்காக அச்சகத்திலிருந்து போன் மேல் போன். அக்காவைப் புகழ்ந்து எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. பாலவாக்கம் அத்தையிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பில்தான் கை நிற்கிறது.

அக்கா சாந்தோமில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றார். அம்மா அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவர் அவர்தான். நுரையீரல் இறுகும் நோய் வந்தது. ஆக்சிஜன் சிலிண்டரோடு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தபின், முகம் தெரியாத ஒரு குடும்பம் தன் துக்கத்தின் நடுவே கொடுத்த நுரையீரல் கிடைத்தது. இரண்டாம் மாதமே, தையல் போட்ட இடத்தில் மூச்சுக்குழாய் சுருங்கியது. உள்ளே கேமரா குழாய் விட்டுப் பார்த்து, பலூனால் விரித்தார்கள். அதிலிருந்தும் எழுந்து உட்கார்ந்தார்.

எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருந்ததால் சாதாரணச் சளிகூட ஆபத்து. நான் வாசலில் காவல் நின்று, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். "இவன் இன்னா, கலெக்டரு மாதிரி அதட்டிக்கினு கீறான்?" என்று சித்தப்பா கோபித்துக்கொண்டு போனார். அத்தையை மட்டும் அக்கா உள்ளே கூப்பிட்டார். அத்தை மாஸ்க் போட்டுத் தள்ளி உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

தினமும் காலையில் அக்கா ஒரு சிறு கருவியில் ஊதி, மூச்சின் அளவைக் குறித்து வைப்பார். அத்தை வந்த மறுநாள் அது இறங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். மூச்சுக்குழாயைக் கழுவிய நீரைச் சோதித்ததில் சளி வைரஸ். "வீட்ல வேற யாருக்காவது சளி இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"உங்களாலதான் இப்டி ஆச்சு. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க!"

"நான் நல்லாத்தானேப்பா இருந்தேன்," என்றார் அத்தை. நான் வைத்துவிட்டேன்.

வைரஸ் போயிற்று. ஆனால் உடம்பு அந்த நுரையீரலை ஏற்க மறுக்கத் தொடங்கியிருந்தது. துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், ஸ்டீராய்டு ஏற்றினார்கள், மருந்துகளை மாற்றினார்கள். இறங்கிய அளவு ஏறவே இல்லை.

கடைசி வாரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார். "அத்தைய திட்னியாமே? அவங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உனக்குத் தொண்டை கட்டிக்கினு இருந்துச்சு. செக்கப்புக்குப் போறப்ப கார்ல மாஸ்க்க இறக்கி வுட்டுட்டு இருமிக்கினே ஓட்டின. எனக்குத் தெரியும்டா. பரவால்ல. ஆனா அத்தைகிட்ட பேசிடு."

பேசவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலிலேயே அத்தை ஒதுங்கி நின்றார். பார்த்துக்கொண்டே கடந்து போனேன். வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு மூச்சு கொடுத்த அந்தக் குடும்பத்துக்கும், மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், ரத்தம் தந்த பழைய மாணவிகளுக்கும், பங்குத் தந்தைக்கும் எங்கள் நன்றி.

அத்தை, அந்தச் சளி என்னுடையது. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை அச்சில் சொல்கிறேன். திருப்பலிக்கு வாருங்கள். வரமாட்டேன் என்றால், அதையாவது என்னைத் திட்டிச் சொல்லுங்கள்.