முதல் ஐந்து எண்கள்

போன மழைக்காலத்தில், குன்னூர் பக்கம் நான் வேலை பார்க்கும் சின்ன கிளினிக்கில் நடந்தது இது. தேயிலை பறிக்கும்போது குளவி கொட்டிவிட்டதென்று ஓர் அம்மாவை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். முகமெல்லாம் வீங்கி, ஒரு கண் திறக்கவே இல்லை. டாக்டர் ஊசி போட்டு, இனி பயமில்லை என்றார். ஆனால் அந்த அம்மா கட்டிலில் படுத்தால்தானே!

“பாப்பா நாலு மணிக்கு ஸ்கூல் வேன்ல வந்து இறங்குமுங்க. அந்த முக்குல காட்டெருமை நிக்குதுங்க. நான் போகோணுமுங்க.”

குளவிக்குப் பயந்து ஓடியபோது அவருடைய போன் செடிக்குள் விழுந்துவிட்டதாம். கூட வேலை செய்பவர்களைக் கூப்பிடலாமென்றால், தேயிலைக் காட்டுக்குள் டவரும் கிடையாது. பக்கத்து வீட்டில் சொன்னால் போதும் என்றார். அந்த வீட்டுப் பெண்மணி எங்களிடம்தான் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறாராம். பெயர் கேட்டேன். “அக்கான்னுதானுங்க கூப்பிடுவேன்” என்றார். அந்த அக்காவின் நம்பரில் முதல் ஐந்து எண்கள் மட்டும் அவருக்கு நினைவிருந்தன.

எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நோயாளிகளின் நம்பர்களை வரிசைப்படுத்தி ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ‘லுக்’ என்ற கட்டளையோடு எண்ணின் தொடக்கத்தை அடித்தால், அப்படித் தொடங்கும் வரிகள் மட்டும் வந்து நிற்கும். இந்தக் கறுப்புத் திரைக்காக நர்ஸம்மா என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. அடித்தேன். ஒன்றும் வரவில்லை. “இல்லைங்களே” என்றேன். அந்த அம்மா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது.

“அந்தக்கா எப்பிருந்துங்க இங்க வர்றாங்க?” என்று நர்ஸம்மா கேட்டார்.

“இந்த மாசந்தானுங்க.”

எனக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. புதிதாக வருபவர்களை அவசரத்தில் ஃபைலின் அடியிலேயே சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கட்டளையோ ஒவ்வொரு வரியாகப் படிக்காது. எல்லாம் வரிசையில் இருப்பதாக நம்பி, நடுவில் ஆரம்பித்துத் தாவித் தாவித் தேடும். வரிசை மாறிக் கிடப்பவர் அதன் கண்ணில் படமாட்டார். மறுபடி வரிசைப்படுத்தி அடித்தேன். இரண்டு நம்பர்கள் வந்தன, இரண்டுமே புதிதாகச் சேர்த்தவை. முதலாவதைக் கூப்பிட்டால், பிக்கட்டி ஊரில் வேறு யாரோ எடுத்தார். இரண்டாவதை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“ஐயோ, நான் போறனுங்க! அவளைப் படுக்கச் சொல்லுங்க!”

போனை வைக்காமலே ஓடியிருக்கிறார். மழைச் சத்தம், மூச்சிரைப்பு, வேன் ஹாரன், அப்புறம் “பெரியம்மா, அம்மா எங்க?” என்று ஒரு சின்னக் குரல். அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா தலையைச் சாய்த்தார். என் கண்ணும் கலங்கிவிட்டது. நல்ல வேளை, நர்ஸம்மா அன்று கிண்டல் செய்யவில்லை.

இன்றும் திரை காலியாக வந்தால், உடனே “இல்லைங்க” என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கடைசியாக வந்து சேர்ந்த யாராவது அடியில் காத்துக் கிடக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான், எதிரில் நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறேன்.